முகத்துவாரம் அடைத்தால்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மண் மூடினால் என்ன ஆகும் என்று லைட்ஹவுஸ் குப்பத்துக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல் தண்ணி உள்ளே வராது, ஏரித் தண்ணி வெளியே போகாது, ஓட்டம் செத்துவிடும். இதயத்திலும் அப்படி ஒரு முகத்துவாரம் உண்டு: இடது மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தத்தை விடும் மைட்ரல் வால்வு. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அதைச் சுருக்கிவிட்டால் மேலறையில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும், பெரும்பாலும் ஓரத்தில் பை போல ஒதுங்கிய மூலையில். மாரடைப்பில் துடிப்பு இழந்த கீழறை நுனியிலும் இதே கதைதான்.

சிக்கல் என்னவென்றால், அதே மேலறையில் மிக்ஸோமா என்ற கட்டியும் வளரும். புற்றுநோய் இல்லை, ஆனாலும் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். உறைவு உடைந்தாலும் அதேதான். வைத்தியம் மட்டும் வேறு: உறைவுக்கு முதலில் மாத்திரை, கட்டிக்கு ஆபரேஷன்.

பிரித்துச் சொல்லும் முதல் கருவி எக்கோ. கடலில் மீன் கூட்டம் தேடும் எக்கோ சவுண்டருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துப் படம் போடுகிறது. கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். நம் சதைக்குள் சுமார் 1,540. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் இதயத்தை முதலில் இப்படிப் பார்த்தது, உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை வைத்துத்தான்!

திரையில் உறைவும் கட்டியும் இரண்டுமே சாம்பல் நிறத் திட்டுதான். நிறத்தை நம்பக் கூடாது. இடத்தையும் அசைவையும் பார்க்க வேண்டும். மிக்ஸோமா பெரும்பாலும் மேலறைகளின் நடுச்சுவரில் காம்பு விட்டுத் தொங்கும். நங்கூரம் போட்ட படகு அலைக்கு ஆடுவதுபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு வாய்க்குள் இறங்கி ஏறும். உறைவு சுவரோடு அப்பிக் கிடக்கும். ஆடும் உறைவும் உண்டு, காம்பில்லாத கட்டியும் உண்டு என்பதால் இது மட்டும் போதாது. மேலறையின் மூலைக்குள் எட்டிப் பார்க்க உணவுக்குழாய் வழியே எக்கோ எடுப்பார்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. நரம்பில் கடோலினியம் மருந்து ஏற்றுவார்கள். கட்டிக்குச் சொந்த ரத்தக்குழாய் இருப்பதால் மருந்து உள்ளே போய் வெளுத்துத் தெரியும். உறைவுக்கு அது கிடையாது, கருப்பாகவே நிற்கும். நாள்பட்ட உறைவு சில நேரம் இதிலும் ஏமாற்றும்.

உறைவு என்று சந்தேகப்பட்டால் மாத்திரை கொடுத்துச் சில வாரம் கழித்து மறுபடி எக்கோ எடுப்பார்கள். அப்போது பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் மறக்காமல் கொண்டு போங்கள். திட்டு சுருங்கியிருக்கிறதா என்று டாக்டர் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.