முழங்கை வலியும் இயன்முறைச் சிகிச்சையும்

சங்கத்தின் கூலிப் பதிவேட்டில் வியாதியும் பதிவாகும் என்பதை நாம் சென்ற ஆண்டுதான் அறிந்தோம். மாதந்தோறும் பன்னிரண்டு சேலைகள் நெய்து வந்த அங்கத்தினர் ஒருவர், தை மாதக் கணக்கில் மூன்றாகக் குறைந்திருந்தார். அசிரத்தை என்று ஓரத்தில் குறிப்பெழுத இருந்த நாம், அதற்கு முன் அவர் இல்லத்துக்குச் சென்றோம். தண்ணீர்ச் செம்பை நம்மிடம் நீட்டும்போது அவருடைய வலக்கை நடுங்கிற்று. இடக்கையால் தாங்கிக் கொடுத்தார். தீபாவளிச் சரக்கை முடித்துத் தரவேண்டுமென்று முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டாராம். பத்தே நாளில் வலி மறைந்தது. இரவு பகலாகத் தறியில் அமர்ந்தார். மார்கழியில் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று. இரண்டாவது ஊசிக்காக மனைவியின் தோட்டை அடகு வைக்க அவர் எண்ணியிருந்த சமயத்தில்தான் நாம் போய்ச் சேர்ந்தோம்.

இவ்வலிக்கு மருத்துவர்கள் வழங்கும் பெயர் ‘டென்னிஸ் முழங்கை’ என்பதாகும். பெயரைக் கேட்டு இது செல்வந்தர் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். 1873-ல் ருங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது, எழுத்து வேலையால் வந்த துன்பமாகவே குறித்தார். பேனா பிடிக்கும் நம் போன்றோர்க்கும் இதில் பங்குண்டு! பத்தாண்டு கழித்து இங்கிலாந்தில் பந்தாட்டக்காரர்களின் பெயரோடு இது இணைந்துவிட்டது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டும் அறியாதவர்கள்.

காரணம் எளிது. மணிக்கட்டைப் பின்புறமாக நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டிலிருந்து புறப்படுகின்றன. நாம் எதையேனும் இறுகப் பற்றும்போது மணிக்கட்டு மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்துபவை இவையே. நாடாவை ஓட்டும் கயிற்றின் கைப்பிடியை நாளெல்லாம் சுண்டி இழுப்பவருக்கும், மண்வெட்டி பிடிப்பவருக்கும், பால் கறப்பவருக்கும் ஒவ்வொரு பிடியின் இழுப்பும் அவ்வெலும்பு மேட்டிலேயே சென்று விழுகிறது. அங்குள்ள தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு, நாளடைவில் நைந்து போகிறது. பாவில் ஓரிழை நைந்தால் பக்கத்து இழை அதிகப் பாரம் தாங்குவது நெசவாளருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாட்பட்ட நிலையில் அங்கே வீக்கத்தைவிட இந்த நைவே மிகுதி. ஆகவே வீக்கத்தை அடக்கும் ஊசி வலியை மறைக்குமேயன்றி நாணைப் பின்னித் தராது.

இது வெறும் ஊகமன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு ஊசியும், ஒரு சாராருக்கு இயன்முறைச் சிகிச்சையும் அளித்தனர்; எஞ்சியோர் ஆலோசனை மட்டும் பெற்றுக் காத்திருந்தனர். ஆறாம் வாரத்தில் ஊசி பெற்றோரே முன்னணியில் நின்றனர். ஆயினும் அக்குழுவின் 65 பேரில் 47 பேருக்கு நிலைமை பின்னர் மீண்டும் சீர்கெட்டது; ஓராண்டு முடிவில் அவர்களே பின்தங்கினர். இயன்முறைச் சிகிச்சை பெற்றோர் விரைவில் தேறினர். காத்திருந்தோரிலும் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் குணமடைந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் தினக்கூலியால் வாழ்பவர் ஓராண்டு காத்திருப்பது எங்ஙனம்?

பிசியோதெரபி என வழங்கும் இச்சிகிச்சையின் உயிர்நாடி பயிற்சியே. முழு ஓய்வு நாணை மேலும் பலவீனமாக்கும். அளவறிந்த பாரம் அதை உறுதிப்படுத்தும். முன்கையை மேசைமீது உள்ளங்கை கீழ்நோக்க வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கச் செய்க. மறு கையால் புறங்கையை அழுத்த, அதை எதிர்த்து அசையாமல் அரை நிமிடம் நிற்க வேண்டும். இவ்வாறு ஐந்து முறை. இது பழகிய பின், அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து, மறு கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை மெல்லத் தாழ்த்த வேண்டும். பதினைந்து தடவை கொண்ட மூன்று சுற்றுகள் நாள்தோறும் போதும். மெல்லத் தாழ்த்துவதில்தான் பலன் இருக்கிறது; அவசரப்படுபவருக்கு அது கிட்டுவதில்லை. பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலை அது தங்கியிருந்தால் பாரத்தைப் பாதியாக்குக. தங்காவிடில் வாரந்தோறும் சிறிது கூட்டுக. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

பயிற்சி அளிக்கும் நிபுணர் தம் கையால் முன்கையைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துக்கொண்டு நம்மைக் கைப்பிடி இறுக்கச் சொல்வதும் உண்டு. முழங்கைக்குக் கீழே இரண்டு விரலளவு தள்ளிக் கட்டும் பட்டை வேலை நேரத்தில் சிலருக்கு ஆறுதல் தரும். மின்கருவியால் சூடேற்றுவது இதமாக இருக்கும். அதை மட்டும் நம்பிப் பணம் செலவிடுவதை நாம் ஆதரிக்கவில்லை.

வேலை முறையிலும் சிறு மாறுதல் வேண்டும். மெல்லிய கைப்பிடியில் பழந்துணி சுற்றிப் பருமனாக்கினால் இறுகப் பற்ற வேண்டியிராது. குடத்தையும் வாளியையும் உள்ளங்கை மேல்நோக்க, முழங்கையை உடலோடு ஒட்டி வைத்துத் தூக்கலாம். நாம் கண்ட நெசவாளர் அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் பயிற்சி கற்றுக்கொண்டு, நெசவைப் பாதியாகக் குறைத்தார். பங்குனி முழுவதும் முணுமுணுத்தார். சித்திரையில் ஐந்து சேலைகள், ஆனியில் பத்து. தோடு அடகுக்குப் போகவில்லை.

ஆனால் எல்லா முழங்கை வலியும் இதுவன்று. விரல்கள் மரத்துப்போனாலும், வலி கழுத்திலிருந்து இறங்கினாலும், மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சல் கண்டாலும், விழுந்து அடிபட்ட பின் கையை நீட்ட முடியாவிட்டாலும், பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் காட்டுக. அவ்வாறான கையை எண்ணெயிட்டு உருவுவதும் இழுத்துக் கட்டுவதும் ஆகாது.