கேஸை ஆஃப் பண்ணேனா, இல்லையா? திரும்பத் திரும்பப் பார்த்தால் சந்தேகம் ஏன் கூடுகிறது?

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டுக்காக அம்மாவோடு ஒரு குட்டிச் சண்டை போட்டு முடித்து, செங்கல்பட்டு தாண்டியிருப்போம். கடலை பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"ஏண்டி, கேஸை ஆஃப் பண்ணியா?"

"நீதானேம்மா கடைசியா கிச்சன்ல இருந்த?"

"ஸ்டவ்வை அணைச்சது ஞாபகம் இருக்கு. சிலிண்டரை மூடினேனானுதான் தெரியல."

அவ்வளவுதான், கடலை மறுபடி பைக்குள் போய்விட்டது. நல்லவேளையாக, கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் எப்போதும் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கும். போன் போட்டோம். பாவம், முட்டி வலியோடு மாடி ஏறி, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெகுலேட்டர் மூடித்தான் இருக்கு. நிம்மதியா போயிட்டு வாங்க" என்றார். பத்து நிமிஷம் அமைதி. மேல்மருவத்தூர் நெருங்கும்போது அம்மா மெதுவாகக் கேட்டார், "அவங்க சரியா பார்த்திருப்பாங்கதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், சிரிக்கிற யோக்கியதை எனக்கும் கிடையாது. என் போன் கேலரியைத் திறந்தால், ஊட்டி போட்டோவுக்கும் தோழியின் கல்யாண போட்டோவுக்கும் நடுவே வரிசையாக ஸ்டவ் படங்கள் இருக்கும். ஆபீஸ் கிளம்பும் முன் ஆதாரத்துக்காக எடுத்து வைத்தவை. இதை ஆபீஸில் ஒருநாள் கூச்சத்தோடு சொன்னபோதுதான், ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பது தெரிந்தது. ஒருவர் பைக்கைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து ஹேண்டிலை ஆட்டிப் பார்ப்பாராம். இன்னொருவருக்கு இஸ்திரிப் பெட்டி. வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, லிஃப்ட் வரை போய், நாலாவது தடவைக்காகத் திரும்புகிறவரும் இருக்கிறார்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வாசல் தாண்டிய பிறகு திரும்பிப் போனால் சகுனம் சரியில்லை என்பார்கள். அப்படியே போனாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கேஸா, சகுனமா என்ற போட்டியில் எங்கள் வீட்டில் எப்போதும் கேஸ்தான் ஜெயிக்கும்.

சரி, பத்து நிமிஷத்துக்கு முன்னால் நம் கையால் செய்த ஒரு வேலை எப்படி மறந்துபோகிறது?

ஒருவகையில் பார்த்தால் அது மறதியே இல்லை. மனதில் சரியாகப் பதியவே இல்லை என்பதுதான் விஷயம். புதிதாகக் கற்றுக்கொள்ளும் வேலைக்கு நாம் முழுக் கவனத்தையும் கொடுக்கிறோம். முதன்முதலில் கியர் வண்டி ஓட்டிய நாளை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் தடவை செய்து பழகிய வேலைக்கு அந்தக் கவனம் தேவைப்படுவதில்லை. கை தானாக ரெகுலேட்டரைத் திருப்பும், மனசு அந்த நேரத்தில் டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, நேற்று மூடியது, முந்தாநாள் மூடியது எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், 'மூடின ஞாபகம் இருக்கு, ஆனா அது இன்னைக்கா?' என்ற குழப்பம் வேறு.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 'மூடணும்' என்று நினைத்ததும் நிஜமாகவே மூடியதும் மனதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தடத்தைத்தான் விட்டுச் செல்கின்றன. இரண்டையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது என்பதை மார்சியா ஜான்சன், கரோல் ரே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1981-ல் விளக்கினார்கள். நிஜமாக நடந்த விஷயத்தின் நினைவில் நிறம், சத்தம், தொட்ட உணர்வு, இடம் போன்ற விவரங்கள் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுமனே நினைத்ததில் அவை குறைவு. எந்திரத்தனமாக ஒரு வேலையைச் செய்யும்போது அந்த விவரங்களும் பதிவதில்லை. அதனால், செய்த வேலைகூட வெறும் நினைப்பு மாதிரியே தோன்றும்.

இதுவரை சரி. 'அப்படின்னா இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டா தீர்ந்துது' என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹௌட், மெரல் கிண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கேஸ் அடுப்பை வைத்தே நடந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு அடுப்பு, அதில் ஆறு பர்னர்கள். மாணவர்கள் குறிப்பிட்ட பர்னர்களைப் பற்றவைக்க வேண்டும், அணைக்க வேண்டும், அணைந்துவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். பிறகு மாணவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு இதே அடுப்பையே 20 தடவை சரிபார்த்தது. இன்னொரு குழு, அடுப்புக்குப் பதிலாக மின்விளக்குகளை 20 தடவை சரிபார்த்தது. கடைசியில் இரண்டு குழுவுக்கும் மறுபடி அடுப்பைக் கொடுத்து, 'கடைசியாக எந்தெந்த பர்னரைப் பார்த்தீர்கள்?' என்று கேட்டார்கள்.

பதில்களைச் சரியாகச் சொன்னதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு, அந்த நினைவு மங்கலாகத் தெரிந்தது, விவரம் குறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தங்கள் ஞாபகத்தின் மீதே அவர்களுக்கு நம்பிக்கை குறைந்துபோயிருந்தது. இத்தனைக்கும் அவர்கள் எந்தப் பிரச்னையும் இல்லாத சாதாரண மாணவர்கள்.

'திரையில் பார்க்கிற அடுப்பும் வீட்டு அடுப்பும் ஒன்றா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் ஆடம் ரடோம்ஸ்கியின் குழு, நிஜமான சமையலறை அடுப்பை வைத்தே இதைச் செய்து பார்த்து 2006-ல் வெளியிட்டது. முடிவு அதேதான். அதே காலத்தில் வந்த இன்னொரு ஆய்வு, 20 தடவைகூடத் தேவையில்லை, பத்துக்குள்ளேயே இந்தச் சரிவு தொடங்கிவிடுகிறது என்று காட்டியது.

எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பகீரென்றுதான் இருந்தது. சந்தேகம் வருவதால் மறுபடி பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மறுபடி பார்ப்பதாலேயே சந்தேகம் வளர்கிறது! ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அந்தக் காட்சி இன்னும் பழகிப்போகிறது. பழகப் பழக விவரம் குறைகிறது. விவரம் குறையக் குறைய, 'நிஜமாவே பார்த்தேனா?' என்று மனசு கேட்கிறது. உடனே ஐந்தாவது தடவைக்குக் கால் நகர்கிறது.

போட்டோ எடுப்பது இதைத் தீர்க்குமா? ஓரளவுக்கு ஆதாரம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால், லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் மியூசியம் ஒன்றில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. வெறுமனே பார்த்த பொருள்களைவிட, போட்டோ எடுத்த பொருள்களை மக்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். வேலையை கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு ஒதுங்கிவிடுகிறது போல. என் சொந்த அனுபவத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. போட்டோ எடுத்த பிறகு பால் சுட வைத்தேனோ என்று பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு யோசித்திருக்கிறேன்.

இதற்குக் கொஞ்சம் நல்ல வழி ஒன்று ஜப்பான் ரயில்களில் இருக்கிறது. அங்கே ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கடக்கும் முன், அதைக் கையால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். வேகமானி, நேர அட்டவணை, கதவு என்று எல்லாவற்றுக்கும் இதே முறைதான். 'ஷிசா கான்கோ' என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் தனியாகப் பேசிக்கொள்வது போலத் தெரியும். ஆனால், அந்நாட்டின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல் செய்த பரிசோதனையில், எளிய வேலைகளில் 100-க்கு 2.38 ஆக இருந்த தவறுகள், சுட்டிக்காட்டிச் சொல்லும்போது 0.38 ஆகக் குறைந்தன. கண், கை, வாய், காது நான்கும் ஒரே வேலையில் சேர்வதால், எந்திரத்தனம் உடைகிறது. நமக்கு வேண்டிய அந்த விவரங்களும் பதிகின்றன.

வீட்டில் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன். ரெகுலேட்டரைத் திருப்பி, விரலை நீட்டி, "செவ்வாய்க்கிழமை, மஞ்சள் சுடிதார், மூடியாச்சு" என்பேன். கிழமையும் சுடிதார் நிறமும், நேற்றைய ஞாபகத்தோடு இன்றையது கலந்துவிடாமல் இருப்பதற்கு. முதல் நாள் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் இதில் ஒரு கண்டிஷன் உண்டு. ஒரே ஒரு தடவைதான். இதையே மூன்று தடவை சுட்டிக்காட்டிச் சொன்னால், மறுபடி பழைய கதைதான்.

இதையெல்லாம் சொல்வதால் கேஸ் விஷயத்தில் அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதற்கென்று சொந்தமாக வாசனை இல்லாததால்தான், கசிவு தெரிவதற்காக அந்தக் கெட்ட வாடையைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. முடிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, வெளியே வந்து 1906 எண்ணை அழைக்க வேண்டும். வாடையே இல்லாத வீட்டில் ஏழாவது தடவை ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பதால் பாதுகாப்பு கூடிவிடாது.

ஏழாவது தடவை என்று சும்மா எழுதவில்லை. திருச்சியில் என் பெரியம்மா அப்படித்தான் இருந்தார். பெரியப்பா போன பிறகு தனியாக இருந்ததால், 'ஜாக்கிரதையா இருக்காங்க' என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். கடைக்குக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவார். பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு 'முட்டி வலி' என்று சொல்ல ஆரம்பித்தார். நாங்களும் நல்லது செய்வதாக நினைத்து, அவர் போன் செய்து கேட்கும்போதெல்லாம், "மூடித்தான் இருக்கும் பெரியம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அதுதான் தப்பு என்று பிறகு அவரைப் பார்த்த மனநல மருத்துவர் சொன்னார். பெரியம்மாவுக்கு இருந்தது ஓசிடி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். எல்லோருக்கும் வரும் சந்தேகத்துக்கும் இதற்கும் எங்கே கோடு போடுவது? தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இது தின்கிறதா, வேலையையும் உறவையும் தடுக்கிறதா, பெரும் வேதனை தருகிறதா என்றெல்லாம் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். நானும் நீங்களும் லிஃப்டிலிருந்து ஒரு தடவை திரும்பினால் அது நோய் இல்லை. ஆனால், வீட்டில் ஒருவர் வெளியே போவதையே குறைத்துக்கொண்டு வந்தால், அதைக் குணம் என்று விட்டுவிடக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதலும் ஒருவகையில் இன்னொரு சரிபார்ப்புதான். அந்த நிமிஷத்துக்கு இதமாக இருக்கும், அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடும். கீழ் வீட்டு ஆன்ட்டி பார்த்துச் சொன்னது அம்மாவுக்குப் பத்து நிமிஷம் தாங்கிய மாதிரி.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. மருந்துகள் உண்டு, அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். கூடவே ஒரு பயிற்சியும் உண்டு. பயம் வரும் சூழலுக்குள் படிப்படியாகப் போய், அந்தப் பயத்தைத் தணிக்கும் காரியத்தைச் செய்யாமல் இருந்து பழகுவது. பெரியம்மாவுக்கு அது, ஒரு தடவை மட்டும் மூடிவிட்டுத் தெருவில் போய் நிற்பதாக ஆரம்பித்தது. முதல் நாள் ஐந்து நிமிஷம் நின்றார், அழுதார் என்று அக்கா சொன்னாள். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

அன்று அம்மாவும் நானும் திருச்சிக்குப் போனது அக்காவின் வளைகாப்புக்காகத்தான். விசேஷம் மதுரையில், அக்காவின் மாமியார் வீட்டில். மறுநாள் காலையில் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பினோம். கிளம்பும்போது பெரியம்மா சிலிண்டரை ஒரே ஒரு தடவைதான் மூடினார். பூட்டை ஒரு தடவை இழுத்தார். விராலிமலை தாண்டும்போது என் பக்கம் திரும்பி, "கேஸை..." என்று ஆரம்பித்தார். பதில் சொல்லக் கூடாது என்று அக்கா போனிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டிலிருந்த அம்மாவும் பேசவில்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சர்யம். பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துவரங்குறிச்சி வரை அந்தப் பிடி தளரவில்லை. மேலூர் வந்தபோது, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.