செம்மண்ணில் கைவைக்கும் மாணாக்கர்

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில், வானூர் வட்டத்தை நெருங்க நெருங்க மண் சிவந்துகொண்டே வரும். அந்தச் செம்மண் ஒரு கலாசாலையாக விளங்குவதை நம் மக்களில் பலர் அறியார்.

1968இல் தோன்றிய ஆரோவில்லில், 1989ஆம் ஆண்டு ஹட்கோ நிறுவனத்தின் துணையோடு ஒரு கட்டட மையம் ஏற்பட்டது. அதுவே பின்னர் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் ஆயிற்று. கட்டடக்கலை பயிலும் இளைஞர்கள் பல மாநிலங்களிலிருந்தும் அங்கு வருகிறார்கள். முதற் பாடம் மண்ணைத் தொட்டறிதல். நனைத்து, உருட்டி, அதில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று விரல்களாலேயே காண வேண்டும். பிறகு நூற்றுக்கு ஐந்து பங்கு போலச் சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் பொறியில் அழுத்திக் கல் அறுத்து, நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். இத்தகைய மண்கற்களால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கென எகிப்தியச் சிற்பி ஹசன் ஃபாத்தி பெயரால் வழங்கும் விருதை 1992இல் பெற்றது.

நம் நாட்டில் கட்டடக்கலைப் பட்டத்திற்கு ஐந்தாண்டுப் படிப்பு; அதில் ஓர் அரையாண்டு நடைமுறைப் பயிற்சி. அதைக் கணினித் திரையின் முன்னரே கழித்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைவிடச் செம்மண் பூசிய கையோடு வீடு திரும்புகிறவர் பாக்கியவான்கள். ஆயினும் கல் அறுக்கக் கற்பது பாதிப் பாடமே. யாருக்காகக் கட்டுகிறோமோ அவரிடம் கேட்கக் கற்பது மறு பாதி.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹேல் என்னும் வறிய மாவட்டம் உள்ளது. 1993இல் ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் மாணாக்கரை அங்கே குடியேற்றி 'ரூரல் ஸ்டூடியோ'வைத் தொடங்கினர். பேரப்பிள்ளைகளை வளர்த்துவந்த முதிய தம்பதியர்க்கு 1994இல் அவர்கள் கட்டிமுடித்த வீட்டின் சுவர் வைக்கோற் கட்டுகளால் ஆனது. முன்புறம் அகன்ற திண்ணை. பின்புறம் பிள்ளைகள் உறங்க மூன்று சிறு அறைகள். மாக்பீ 2001இல் மறைந்தார். எனினும் மாணாக்கர் இன்றும் அதே மாவட்டத்தில்தான் கட்டுகிறார்கள். நம்மை மிகவும் கவர்ந்தது இதுவே. ஒரு முறை வந்து, படம் எடுத்துக்கொண்டு, மறைந்துபோகிற சேவையை நம் கிராமங்கள் வேண்டியமட்டும் கண்டுவிட்டன.

கடல் கடந்துதான் போக வேண்டுமென்பதில்லை. திருவனந்தபுரத்தில் பேராயர் மார் கிரகோரியோஸ் ஆண்டகை, ஏழைகளுக்குச் சிக்கன வீடு கட்டும் பணியில் லாரி பேக்கரை ஊக்கினார். ஆங்கிலேயராய்ப் பிறந்த அந்தக் குவேக்கர் அன்பர், கொத்தனாரோடு தளத்தில் நின்றே வேலை நடத்தினார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தே தமக்கு வழிகாட்டி என்பார்.

அந்த ஐந்து மைல் நம் பகுதியில் வேதனையான கணக்கு. செங்கற்சூளையில் கல் அறுத்துப் பிறர்க்கு வீடு தந்த இருளர் மக்கள் தாங்கள் குடிசையில் கிடந்தனர். அவர்களுள் கொத்தடிமைகளாய் உழன்றோரும் பலர். அவர்களுக்காகப் பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கண்டு உழைத்தது நம் வாசகர் பலர் அறிந்ததே. 2024இல் அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டம், வீடொன்றுக்கு 360 சதுர அடியும் மூன்றரை இலட்சம் ரூபாயும் வகுத்தது. பணம் வரும், அடுப்பு எங்கே, காற்று எந்தப் பக்கம், கிழவிக்குப் படி எத்தனை உயரம் என்று கேட்க யார் வருவார்? ஒரு மாணவன் வரலாமே!

வருகிறவன் நம் மழையையும் அறிந்திருக்க வேண்டும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. மண்சுவருக்குக் கீழே உயர்ந்த அடித்தளமும் மேலே அகன்ற இறவாரமும் இல்லையேல் எந்த விருதும் அதைக் காக்காது.

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகச் செல்கிறவர்கள். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்த விதவையின் சுவர் சாய்ந்திருக்கிறது என்பது அவர்கள் குறிப்பேட்டில் உள்ளது. அதிலிருந்து பத்து வீடுகளைத் தேர்ந்து, வீட்டாரின் சம்மதத்தோடு, அருகிலுள்ள ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக்கு எழுதலாம். மாணாக்கர் தங்கப் பங்கு மண்டபம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமாயின், கடிதம் தை மாதத்திலேயே போய்ச் சேர வேண்டும்.