அவசரக் கைக்கு அகப்பட்ட ஹார்டு டிஸ்க்

முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் சென்னை ரிச்சி தெருவுக்கு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குகள் வரிசைகட்டி வருகின்றன. பெரும்பாலும் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள். வருவதில் பலவற்றுக்கு நோயே கிடையாது என்கிறார், அங்கே மாடியில் டேட்டா ரெக்கவரி பார்க்கும் ஒருவர்.

“விண்டோஸ்ல போட்டா வருது, உபுண்டுல போட்டா வரமாட்டேங்குது. டிஸ்க் போச்சுன்னு அலறிட்டு ஓடி வர்றாங்க சார்.”

விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுசாக அணைவதில்லை, பாதித் தூக்கத்துக்குத்தான் போகிறது. அந்த நிலையில் உருவிய, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் போட்ட டிஸ்க்கிலும், காப்பி ஓடும்போதே பிடுங்கியதிலும் ‘இன்னும் சரியாக மூடவில்லை’ என்ற குறி தங்கிவிடலாம். உபுண்டுவின் அடித்தளமான லினக்ஸில், 2021-ல் வந்த 5.15 கெர்னலில் சேர்ந்த புது டிரைவர், அந்தக் குறியைப் பார்த்தால் டிஸ்க்கைத் திறக்க மறுத்துவிடும். மறுப்பதையாவது புரியும்படி சொல்கிறதா? ‘ஃபைல் சிஸ்டம் தவறு, ஆப்ஷன் தவறு, சூப்பர்பிளாக் பழுது, இல்லாவிட்டால் வேறு ஏதோ பிழை’ என்று இருக்கிற காரணத்தையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறது. படிப்பவர் கண்ணில் ‘பழுது’ மட்டும்தான் விழும். டிஸ்க்கை மறுபடி விண்டோஸில் செருகி, ஒருமுறை பரிசோதிக்க விட்டு, ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து எடுத்தால் அநேகமாக வேலை முடிந்தது.

அடுத்த குற்றவாளி வயர். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப் தரும், 3.0 தருவது 900. சுழலத் தொடங்கும் நேரத்தில் டிஸ்க் கூடுதலாகக் கேட்கும். கேபினட்டின் முன்பக்க போர்ட்டும் தேய்ந்த வயரும் சேர்ந்தால் டிக், டிக் என்று சத்தம்தான் வரும். வயரை மாற்றிப் பின்பக்கம் செருகிப் பார்க்காமல் ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

நிஜ நோயாளி எப்படி இருக்கும்? அன்று மேஜையில் ஒன்று கிடந்தது, 1 டிபி. அதைச் செருகிவிட்டு, கெர்னல் எழுதும் குறிப்புகளைக் கறுப்புத் திரையில் ஓடவிட்டார். லினக்ஸின் அருமையே இதுதான், உள்ளே நடப்பதை ஒளிக்காது. முதலில் மாடல் பெயர், பிறகு கொள்ளளவு, பிறகு எஸ்டிபி, எஸ்டிபி1 என்ற அடையாளங்கள். ஒரு நொடி நின்றது. அப்புறம் ‘ஐ/ஓ எரர்’ என்ற வரி மட்டும் திரும்பத் திரும்ப.

“பேரு வந்துச்சு, சைஸ் வந்துச்சு, அப்போ போர்டு உயிரோட இருக்கு. உள்ள தட்டுதான் தேஞ்சிருக்கு. இதுமேல இனி ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது.”

அவர் ஓட்டியது டிடிரெஸ்க்யூ. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல டிஸ்க்கே யுஎஸ்பி 2.0 வழியாக 1 டிபி நகலாக எட்டு மணி நேரம் பிடிக்கும். இது எத்தனை நாளோ! ரிப்பேர் செய்வதாக இருந்தால் அந்த நகலில்தான் செய்ய வேண்டும்.

ஆனால் என்னை உறுத்துவது தேய்ந்த தட்டு அல்ல. யாரோ எழுதிய கட்டளையை, இப்போது ஏஐ சொல்லும் கட்டளையையும், முன்னால் முழு அதிகாரம் தரும் ‘சூடோ’ சேர்த்து அப்படியே ஒட்டி என்டர் தட்டும் பழக்கம்தான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். கம்ப்யூட்டரில் தாராளமாக நுழைந்துவிடுகிறது.

எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டுபிடித்த வரிசையில் ஒட்டும் அடையாளங்கள். நேற்று பென் டிரைவுக்கு இருந்த எஸ்டிபி, இன்று ஹார்டு டிஸ்க்குக்குப் போயிருக்கும். வயர் லேசாக ஆடி டிஸ்க் ஒருமுறை துண்டித்து வந்தாலே எஸ்டிசி ஆகிவிடலாம். நேற்றைய கட்டளையை ஹிஸ்டரியிலிருந்து எடுத்துத் தட்டினால் யார் தலையில் இறங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. டிஸ்க்கின் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த நிலையான முகவரியும் லினக்ஸிலேயே இருக்கிறது. நீளமாக இருக்கிறதென்று யாரும் அதைச் சீண்டுவதில்லை.

 

இப்படித்தான் போன சீசனில் ஒரு ஸ்டுடியோவில் பென் டிரைவுக்குப் போக வேண்டிய உபுண்டு நிறுவல் இமேஜ், கல்யாண டிஸ்க் மேல் ஏறிவிட்டதாம். என்டிஎஃப்எஸ் தன் கோப்புப் பட்டியலை வழக்கமாகத் தொடக்கத்திலிருந்து சுமார் 3 ஜிபி தள்ளி வைக்கும். இன்றைய உபுண்டு இமேஜ் 5 ஜிபிக்கும் மேல். பட்டியலின் தலையே போயிற்று. படங்கள் பெரும்பாலும் பின்னால் பத்திரமாக இருந்தன. ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி அவற்றைத் தோண்டி எடுத்தது. எடுத்தது எப்படி? பெயரும் ஃபோல்டரும் இல்லாமல், ‘எஃப்’ என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்க எண்ணுமாக. சீசனின் அத்தனை கல்யாணமும் ஒரே குவியல்.

படத்துக்குள் பதிந்திருக்கும் தேதியை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முகூர்த்த நாளில் அது போதவில்லை. ஒரே காலையில் மூன்று மண்டபங்களுக்கு ஆள் அனுப்பும் ஸ்டுடியோ அது. கடைசியில் படத்தோடு பதிவாகியிருந்த கேமரா சீரியல் எண்தான் கைகொடுத்தது. எந்த கேமராவை யார் எந்த மண்டபத்துக்கு எடுத்துப்போனார் என்பது ஸ்டுடியோவின் ஆர்டர் நோட்டில் இருந்தது. இரண்டு கல்யாணங்கள் மட்டும் கலந்தே கிடக்கின்றன. அன்று பேட்டரி தீர்ந்ததால் இரண்டு பேர் கேமராவை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.