எண்ணத் தெரிகிறது, எத்தனை என்று தெரிகிறதா?



சென்ற ஆண்டு நம் மாலை வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சேர்ந்தான். "12ஆம் வாய்ப்பாடு வரை கடகடவென்று சொல்வான், பாய்" என்றார் அவனுடைய உம்மா. சொல்லவும் செய்தான். பிறகு 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னோம். 45 என்று எழுதினான். 2இல் 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐ எடுத்துவிட்டான். "52 ரூபாய் கொண்டுபோய் 17 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 45 ரூபாய் மிஞ்சுமா?" என்று கேட்டதற்கு விழித்தான். பையன் மந்தமல்ல. 52 என்றால் ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்று அவன் கையில் யாரும் வைத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குறை வெளியே தெரிவது மூன்றாம் வகுப்பில். வேர் இருப்பது ஐந்தாறு வயதில். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஏழு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். உடனே ஏழு என்றால் நல்லது. மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அடுத்து, கொட்டைகளை அகலமாகப் பரப்பிவிட்டு மீண்டும் கேளுங்கள். கூடிவிட்டது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அந்த வயதில் அது இயல்பு, அதட்ட வேண்டாம். நூறு வரை ஒப்பிக்க வைப்பதை நிறுத்திவிட்டு, பத்துக்குள் நிறைய எண்ண விடுங்கள்.

படக்கதைப் புத்தகம் இங்கேதான் கைகொடுக்கிறது. கதையில் எண்ணுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட, பசியெடுத்த கம்பளிப்புழுவின் கதை உலகெங்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். புழு திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று ஏறி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு தின்கிறது. வாசித்துவிட்டு மூடிவைத்தால் அது கதை மட்டும். "நாளைக்கு எத்தனை தின்னும்?", "வெள்ளி வரை மொத்தம் எத்தனை பழம்?", "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் கணக்கு. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விடை தவறாக இருந்தாலும், பிள்ளை எந்த வழியில் போனது என்பது அதில்தான் தெரியும்.

விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எண்ணிக்கை, வடிவம், அளவு பற்றிய கதைகளும் உண்டு. வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் தொடங்குங்கள். அரசுப் பாடநூலில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டை தீக்ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்தின் காணொலி வரும். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்குக் கான் அகாடமி கிட்ஸ் செயலி நல்லது. கட்டணமில்லை, விளம்பரமும் இல்லை.

ஆனால் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விட்டால், பிள்ளை நட்சத்திரம் விழும்வரை தட்டிக்கொண்டிருக்கும். ஊகித்தும் சரியான விடைக்கு வந்துவிடலாமே! பத்து நிமிடம் போதும், பக்கத்தில் உட்காருங்கள். திரையில் பார்த்ததை உடனே புளியங்கொட்டையில் செய்ய வையுங்கள்.

வீட்டில் எந்த மொழியில் எண்ணுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். 'இருபத்து மூன்று' என்று சொல்லும்போதே இருபதும் மூன்றும் காதில் விழுகின்றன. தொண்ணூறு போல ஓரிரண்டு தவிர, தமிழ் எண்கள் பத்துகளை மறைப்பதில்லை. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்பவற்றில் பத்து எங்கே இருக்கிறது? ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழம்பாத பிள்ளை குறைவு. உருது பேசும் குடும்பங்களில் இக்கீஸ், பாயீஸ் என்று ஏறக்குறைய நூறு வரை தனித்தனியாகவே மனனம் செய்ய வேண்டும். எந்த மொழியில் சொன்னாலும் பொருளை வைத்துச் சொல்லுங்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு வையுங்கள்.

அந்தப் பையனுக்கும் அதைத்தான் செய்தோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 17ஐ எடு என்றோம். ஒரு கட்டை எடுத்தான். ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தானாகவே இன்னொரு கட்டின் வளையத்தைக் கழற்றினான். மூன்று கட்டும் ஐந்து குச்சியும் மிஞ்சின. 'கடன் வாங்குவது' என்று பள்ளியில் சொன்னது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பின்பு குச்சி இல்லாமல் போடுவதற்கு மூன்று வாரம் ஆனது.

ஸ்டோரிவீவர் கதைகள் சிலவற்றை அச்செடுத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் வந்தால் எடுத்துச் செல்லலாம். ஒரு வாரத்தில் திருப்பித் தாருங்கள். பக்கம் கிழிந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்கிறோம்.