பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே

குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்ளும் நாட்களில், நன்னிலம் வட்டாரத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் எல்லோர் வாயிலும் இருப்பது ஒரே எண்: 17. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் மத்திய அரசின் தர விதிப்படி நெல்லை வாங்கக் கூடாது. 2022-ல் கொள்முதல் பருவத்தை ஒரு மாதம் முன்னால் இழுத்து செப்டம்பர் 1-லேயே தொடங்கினார்கள். மழை தன் நாளை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த அக்டோபரில் 19 விழுக்காடு வரை வாங்கத் தளர்வு வந்தது. தளர்வு வரும் வரை சாலையோரக் குவியல் தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கும். நாளானால் முளை விடும். முளைத்ததும் நிறம் மாறியதும் சேர்ந்து 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது வேறொரு விதியில் அடிபடும். இந்தச் சிக்கலுக்குத்தான் ஈரத்தை அளக்கும் அண்மை அகச்சிவப்புக் கதிர்க் கருவியைத் தீர்வாகச் சொல்கிறார்கள். கருவி நல்ல கருவிதான். ஆனால் 17 என்ற எண்ணை இன்றுபோல் கதவாகவே வைத்துக்கொண்டு அதை வாங்கினால், காசுக்குப் பிடித்த கேடு.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி, சுமார் 780 முதல் 2,500 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளிதான் அண்மை அகச்சிவப்பு. 1,450, 1,940 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களைத் தண்ணீர் விழுங்கிவிடும். மாவுச்சத்தும் புரதமும் வேறு இடங்களில் விழுங்கும். எது எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்று பார்த்தால், நெல்லை அரைக்காமலும் ரசாயனம் ஊற்றாமலும் ஓரிரு நிமிடத்தில் கணக்கு கைக்கு வரும். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் கார்ல் நாரிஸ் 1960-களில் இந்த முறையில் இறங்கியதே விதை, தானியங்களின் ஈரத்தை அளக்கத்தான். கனடா தானிய ஆணையம் 1975-ல் கோதுமைப் புரதத்துக்கு இதைக் கைக்கொண்டது. அங்கே புரதம் கூடினால் விலை கூடும். அதனால் துல்லியத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

நம் நிலையத்தில் என்ன நடக்கும்? 16.9 உள்ளே, 17.3 வெளியே. அளவு துல்லியமாகத் துல்லியமாக, வெளியே அனுப்புவதுதான் துல்லியமாகும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 19 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் ஈரம் போக இருப்பது 81 கிலோ. 17 விழுக்காட்டு நெல்லாக அதை மாற்றிச் சொன்னால் சுமார் 97.6 கிலோ. அதாவது 40 கிலோ சிப்பத்துக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாகக் கழித்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு கிலோ நெல்லுக்காக ஒரு குடும்பம் நாலு நாள் குவியலைக் காவல் காப்பது என்ன கணக்கு? கோதுமைக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் 14 வரை விலையில் கழித்துக்கொண்டு வாங்கும் விதி ஏற்கெனவே உண்டு. நெல்லுக்கும் அப்படி ஒன்று வந்தால், அரை விழுக்காட்டு வித்தியாசமும் காசாகிவிடும். அப்போது எல்லோரும் நம்பக்கூடிய கருவி கட்டாயம் வேண்டும்.

ஈர நெல்லை வாங்கினால் கிடங்கில் சூடேறிக் கெடாதா என்பார்கள். கெடும். ஆனால் நெடுநாள் இருப்புக்கு 17 விழுக்காடும் பாதுகாப்பில்லை. 14-க்கு இறக்கியாக வேண்டும். எப்படியும் யாரோ ஒருவர் காயவைக்கத்தான் போகிறார். உலர்த்தும் இயந்திரம் இல்லாத குத்தகைக்காரர் தார்ச்சாலையில் செய்வதைவிட அரவை ஆலையில் செய்வது மேல். உலர்த்தும் வசதிக்கு ஏற்ப 20-லோ 21-லோ ஒரு மேல்வரம்பு இருக்கட்டும். அதற்காக, ஈரத்துக்கு ஏற்பக் கழித்து வாங்குவதே கூடாது என்பது சரியல்ல.

விலை பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. இப்போதுள்ள ஈரப்பதமானி ஆயிரங்களில் கிடைக்கும், அண்மை அகச்சிவப்புக் கருவி லட்சங்களில். வருடத்தில் சில மாதமே இயங்கும் நிலையம் ஒவ்வொன்றுக்கும் வாங்கச் சொல்வது விவேகமில்லை. வட்டத்துக்கு ஒன்று வேனில் சுற்றி வந்து, நிலையத்து மானிகளைச் சரிபார்க்கட்டும். தகராறு வந்தால் அதன் அளவே முடிவாகட்டும். இன்னொரு லாபமும் உண்டு. பழைய மானியில் முள்ளோ எண்ணோ காட்டியதோடு சரி. இந்தக் கருவியோ ஒவ்வொரு முறையும் அளந்த ஒளியின் வரைபடத்தைச் சேமித்து வைக்கிறது; குறைத்துக் காட்டினார்கள் என்ற புகாரைப் பிறகும் எடுத்துப் பார்க்கலாம். கல், மண், பதர், கருக்காய் ஆகியவற்றுக்கு மட்டும் சல்லடையும் கண்ணும்தான் கதி.

எனக்கு உண்மையான கவலை உமியில்தான் இருக்கிறது. மழையில் நனைந்த நெல்லில் முதலில் ஈரமாவது உமி. உள்ளே அரிசி காய்ந்தே இருக்கலாம். பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி பெரிதும் உமியைப் பார்த்து ஏமாறும். 850 முதல் 1,050 நானோமீட்டர் வரையுள்ள கதிரை நெல்லின் ஊடே செலுத்தி மறுபக்கம் அளக்கும் வகையே இங்கு பொருந்தும். அதற்கும் நம் நெல்லைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கோதுமையை வைத்துப் பழகிய கருவிக்கு ஆடுதுறை 43-ம் கோ 51-ம் புதுசு. பல ரகம், பல ஈரம் என நூற்றுக்கணக்கான மாதிரிகளை உலர்கலனில் காயவைத்து, எடை குறைவைப் பார்த்து, அந்த விடையைக் கருவிக்குக் கொடுத்தால்தான் அதன் பேச்சை நம்பலாம். இதற்கு வெளியே போக வேண்டியதில்லை. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வகமாகத் தொடங்கியதுதான். வரும் குறுவையில் முதல் மழைக்கு முன்பும் பின்பும் நன்னிலம், குடவாசல், பேரளம் குவியல்களில் மாதிரி எடுத்தால், தை அறுப்புக்குள் கருவியைச் சோதித்துப் பார்க்கலாம். நெல்லுக்கு விலைக் கழிவு விதியைக் கொண்டுவருவதோ டெல்லியின் கையில் இருக்கிறது. அதைக் கேட்டுப் போகிறவர்கள் இந்த அளவுகளைக் கையோடு கொண்டுபோகட்டும்.