ஷாட்கன் பேரல் 28 இன்ச்சா, 30-ஆ, 32-ஆ? வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கீட் கலப்பு அணிப் பிரிவின் வெண்கலப் போட்டி. இந்தியாவின் மகேஸ்வரி சௌகான், அனந்த்ஜீத் சிங் நருகா ஜோடி 48 தட்டுகளில் 43-ஐ உடைத்தது. சீன ஜோடி 44. ஒரே ஒரு தட்டில் பதக்கம் கைநழுவிப் போனது.

ஒரு தட்டில் தலையெழுத்து மாறும் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச் பேரல் வாங்கலாம்?" என்பதுதான். பேரல் நீண்டால் பவர் கூடும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி? வாங்க, பார்க்கலாம்.

இந்த விளையாட்டு என்ன?

எந்திரம் வீசும் தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். 'கிளே' என்று பெயர் இருந்தாலும் இன்று அது களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் பிசினும் கலந்து செய்வது. விட்டம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளின் எடை 24 கிராம்தான். எல்லோருக்கும் அதே அளவு. ஆக, பவரில் யாரும் யாரையும் முந்த முடியாது.

நீளம் கூடினால் வேகம் கூடுமா?

கூடும், ஆனால் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. இன்றைய தோட்டாக்களில் மருந்து பேரலின் முன்பாதிக்குள்ளேயே ஏறக்குறைய எரிந்து முடிந்துவிடும். 28 இன்ச்சிலிருந்து 30-க்குப் போனால் குண்டுகளின் வேகம் தோராயமாக ஒரு சதவீதம் மாறலாம். அதனால் தட்டு உடையுமா, தப்புமா என்பது மாறாது.

"நீளமான பேரலில் குண்டுகள் நெருக்கமாகப் போகும்" என்பதும் தவறு. குண்டுகள் எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிப்பது பேரல் முனையில் இருக்கும் 'சோக்' என்ற குறுகல்.

அப்படியென்றால் நீளம் எதை மாற்றுகிறது?

கை வீச்சை. தேங்காய் பறிக்கும் தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டைத் தொரட்டியைச் சட்டென்று திருப்பலாம், ஆனால் முனை ஆடிக்கொண்டே இருக்கும். நீளத் தொரட்டியைத் திருப்பத் தெம்பு வேண்டும். திரும்ப ஆரம்பித்துவிட்டால் சீராகப் போகும், பாதியில் நிற்காது.

பேரலும் அப்படித்தான். முனையில் இருக்கும் எடை, தோளிலிருந்து தள்ளிப் போகப் போக, திருப்புவதற்குக் கூடுதல் பலம் கேட்கிறது. தட்டைத் தொடர்ந்து போகிறவர் சுடும் நொடியில் கையை நிறுத்திவிட்டால் குண்டுகள் தட்டுக்குப் பின்னால் போய்விடும். நீளமான பேரல் அந்த வீச்சை நிற்க விடாமல் இழுத்துக்கொண்டு போகும். அதன் பெரிய லாபம் இதுதான். தவிர, ஷாட்கனில் பின்பக்கக் குறிமுள் கிடையாது. உங்கள் கண்தான் அந்த இடத்தில் இருக்கிறது. பேரல் நீண்டால், குறி எந்தப் பக்கம் விலகுகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

எந்தப் பிரிவுக்கு எவ்வளவு?

ட்ராப்: தட்டு உங்களை விட்டு விலகிப் பறக்கும். துப்பாக்கியை முன்கூட்டியே தோளில் வைத்துக்கொள்ளலாம். வீச்சு சிறியது, தூரம் அதிகம். அதனால் 30 அல்லது 32 இன்ச். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் ஆடுவது இந்தப் பிரிவில்தான். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவரும் கினன் செனாய், ஜோராவர் சிங் சந்துவும் சேர்ந்து 375-க்கு 361 எடுத்து அணித் தங்கம் வென்றார்கள். மூவரும் சேர்ந்து தவறவிட்டது 14 தட்டுகள்தான்.

ஸ்கீட்: தட்டு குறுக்கே பாயும். அது கண்ணில் படும்வரை துப்பாக்கிக் கட்டை இடுப்பளவில் இருக்க வேண்டும். பிறகு தூக்கி, திருப்பி, சுட வேண்டும். சில நிலைகளில் இரண்டு தட்டுகள் எதிரெதிர்த் திசையில் வரும். இங்கே சட்டென்று திரும்பும் 28 அல்லது 30 இன்ச் வசதி.

ஸ்போர்ட்டிங்: தட்டு எந்தக் கோணத்திலும் வரலாம். பெரும்பாலும் 30 அல்லது 32.

இரண்டு பிரிவையும் முயன்று பார்க்க நினைப்பவருக்கு 30 நல்ல நடுவழி.

உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா?

நீளத்தைவிட முக்கியமானது இது. கட்டையின் நீளமும், கன்னம் படும் மேட்டின் உயரமும் பொருந்தாவிட்டால் எந்தப் பேரலும் உதவாது. துப்பாக்கி காலி என்பதைப் பயிற்சியாளரோடு சரிபார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் 20 முறை தூக்கித் தோளில் வைத்துப் பாருங்கள். பத்தாவது தடவையே முன்கை நடுங்கினால் அது உங்களுக்கு முன்கனம் அதிகம். உயரம் குறைந்தவர் 32 எடுக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஒரே நீளத்தில் எடை குறைந்த பேரல்களும் உண்டு.

தப்பாக வாங்கினால்?

போன் மாதிரி அடுத்த மாதம் மாற்றிவிட முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். வாங்கும் துப்பாக்கி அந்த உரிமத்தில் பதிவாகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். போட்டியாளர்களுக்குத் தனி விலக்கு உண்டு, ஆனால் புதிதாக வருபவருக்கு அது உடனே கிடைக்காது. விற்பதற்கும் முறையான நடைமுறை இருக்கிறது. இன்ச் கணக்கில் செய்த தப்பு, வருஷக் கணக்கில் கூடவே வரும்.

எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வீடு பூவாரிலோ பாறசாலையிலோ இருந்தால் விண்ணப்பம் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு. களியக்காவிளை என்றால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. பேசும் மொழி எதுவானாலும், குடியிருக்கும் முகவரிதான் கணக்கு.

எங்கே ஆரம்பிக்கலாம்?

கடையில் வேண்டாம், கிளப்பில் ஆரம்பியுங்கள். நெய்யாற்றின்கரை பக்கம் இருப்பவர்களுக்கு அருகில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வட்டியூர்க்காவு தளம் இருக்கிறது. எந்தத் தளமானாலும், கிளம்பும் முன் ஷாட்கன் பயிற்சி உண்டா என்று கேட்டுவிடுங்கள். தட்டும் குண்டும் விழப் பெரிய திறந்தவெளி வேண்டும் என்பதால் பல தளங்களில் ரைஃபிளும் பிஸ்டலும் மட்டும்தான்.

கிடைக்கும் கிளப் துப்பாக்கிகளில் வெவ்வேறு நீளங்களை எடுத்து, பயிற்சியாளர் முன்னால், ஒரே மாதிரித் தட்டுகளைச் சுட்டுப் பாருங்கள். எத்தனை உடைந்தது என்பதோடு, தவறியது முன்னாலா பின்னாலா என்றும் எழுதிவையுங்கள். சில வாரங்களில் அந்த நோட்டே உங்கள் நீளத்தைச் சொல்லிவிடும். பணத்தை எடுப்பது அதற்குப் பிறகு.